பட்டறைக் கேள்வி–பதில்: பெல்ட் சாண்டரில் பெல்ட் ஓரம் ஒதுங்கினால்

குமரி மாவட்ட வாசகர்களிடமிருந்து இந்த முறை கைப்பிடி பெல்ட் சாண்டர் (உப்புத்தாள் பெல்ட்டைச் சுழற்றி மரத்தைத் தேய்க்கும் மெஷின்) பற்றித்தான் கேள்விகள் அதிகம். பெரும்பாலும் ஒரே புகார்: பெல்ட் நேராக ஓடாமல் ஒரு பக்கமாக ஒதுங்குகிறது. ஆனால் காரணம் பட்டறைக்குப் பட்டறை வேறு.

கேள்வி: பழைய பெல்ட் தேய்ந்ததால் புதிது மாட்டினேன். ஓட விட்டதும் வெளிப்பக்கமாகத் தள்ளிக் கழன்று விழுகிறது. டிராக்கிங் திருகை ஒரு எல்லை வரை திருப்பியும் நிற்கவில்லை. 3 இஞ்ச் (பெல்ட் அகலம்) மெஷின். கோளாறு மெஷினிலா, பெல்ட்டிலா?
— மரப்பட்டறை வாசகர், தக்கலை

பதில்: முதலில் திருகிலிருந்து கையை எடுங்கள். அந்தத் திருகு முன் ரோலரின் அச்சை மயிரிழை அளவு சாய்ப்பதற்கு மட்டுமே இருக்கிறது. எல்லை வரை திருப்பியும் பெல்ட் அடங்கவில்லை என்றால் கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது. அது எங்கே என்று தெரியாமல் திருகிக்கொண்டே இருந்தால் திருகின் மரை போகும், அவ்வளவுதான் நடக்கும்.

பெல்ட்டா மெஷினா என்று பிரித்துப் பார்க்க எளிய வழி உண்டு. பிளக்கைப் பிடுங்குங்கள். பெல்ட்டின் வெளி ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். பெல்ட்டை இறுக்கும் லீவரைத் தளர்த்திப் பெல்ட்டைக் கழற்றி, கோடு போட்ட ஓரம் உள்பக்கம் வரும்படி திருப்பி மாட்டுங்கள். பிளக்கைச் சொருகி, மெஷினை மல்லாத்திப் பிடித்து மூன்று நான்கு விநாடி மட்டும் ஓட விடுங்கள். இப்போது பெல்ட் உள்பக்கமாக ஒதுங்கினால் கோளாறு பெல்ட்டில். முன்போலவே வெளிப்பக்கம் தள்ளினால் மெஷினில். பெல்ட்டின் முதுகில் அம்புக்குறி இருந்தால், அது ஒரு முனை மேல் இன்னொரு முனை ஏறி ஒட்டிய பெல்ட். அதைத் திருப்பி மாட்டி மரத்தில் வைக்கவே கூடாது. ஒட்டு வாயைப் பிளந்துவிடும். சோதனைக்குச் சும்மா ஓட்டிப் பார்த்துவிட்டு உடனே அம்புப்படி மாற்றிவிடுங்கள். இரு முனையும் முட்டி, பின்னால் டேப் ஒட்டிய பெல்ட்டுக்கு இந்தத் தொல்லை இல்லை. அது எந்தப் பக்கமும் ஓடும்.

கோளாறு பெல்ட்டில்தான் என்று தெரிந்தால், ஒரு ஓரம் மற்ற ஓரத்தைவிட நீளமாக இருக்கிறது என்று பொருள். கண்ணால் பார்க்க வேண்டுமானால், ஒரு குழாயை மட்டமாக வைஸில் பிடித்து அதில் பெல்ட்டைத் தொங்க விடுங்கள். அடி வளைவுக்குள் இன்னொரு சிறு இரும்புக் குழாயை இருபுறமும் சமமாக நீட்டிக்கொண்டிருக்கும்படி வையுங்கள். கீழ்க்குழாய் ஒரு பக்கம் சாய்ந்து தொங்கினால், சாய்ந்த பக்கத்து ஓரம் நீளம். அந்தப் பெல்ட்டைச் சரிசெய்ய வழியில்லை. கடையில் திருப்பிக் கொடுங்கள். வாங்கமாட்டேன் என்றால் வெட்டி, கட்டையில் சுற்றிக் கைத்தேய்ப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மெஷினில்தான் கோளாறு என்றால் பிளக்கைத் திரும்பவும் பிடுங்கிவிட்டுக் கீழ்க்கண்ட வரிசையில் பாருங்கள். இந்த வரிசைக்குக் காரணம் உண்டு: செலவில்லாதது முதலில் வருகிறது.

முதலாவது, இரண்டு ரோலர்களின் மேலும் படிந்த தூள். ரோலர்களில் ஒன்று, பெரும்பாலும் முன் ரோலர், நடுவில் லேசாக மேடிட்டிருக்கும். ஓடும் பெல்ட் எப்போதும் உயரமான இடத்துக்கே ஏறப் பார்க்கும். அந்த நடு மேடுதான் அதை நடுவில் பிடித்து வைக்கிறது. ரோலரின் ஓரத்தில் பிசினும் தூளும் சேர்ந்து கட்டியாகிவிட்டால், பெல்ட்டுக்கு அதுதான் மேடு. அங்கே ஏறிவிடும். உளியால் சுரண்டாதீர்கள். மூங்கில் சீவலாலோ மரச் சீவலாலோ பெயர்த்து எடுங்கள். பின் ரோலர் மேல் ரப்பர் இருப்பதால் தின்னர் ஊற்றவே கூடாது, ரப்பர் ஊதிப்போகும். சோப்புத் தண்ணீரில் பிழிந்த துணி போதும்.

இரண்டாவது, பெல்ட் உரசி ஓடும் அடித்தகடு. தகட்டின் முன் விளிம்பு ஒரு பக்கம் சுருண்டிருக்கிறதா, கீழே உள்ள கார்க் அட்டை ஒரு பக்கம் அமுங்கியிருக்கிறதா என்று ஸ்டீல் ஸ்கேலைக் குறுக்கே வைத்து வெளிச்சத்தில் பாருங்கள். ஒரு பக்கம் வெளிச்சம் தெரிந்தால் இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். தகட்டை மட்டும் மாற்றினால் அமுங்கிய கார்க் புதுத் தகட்டையும் சாய்த்துவிடும்.

மூன்றாவது, முன் ரோலர். பெல்ட்டைக் கழற்றிவிட்டு விரலால் சுழற்றுங்கள். கரகரவென்று ஓசை வராமல், தடையில்லாமல் சுழல வேண்டும். பிறகு ரோலரின் ஒரு முனையைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். ஆட்டம் கையில் தெரிந்தால் பேரிங்கோ புஷ்ஷோ போய்விட்டது. குளச்சல், மணவாளக்குறிச்சி போன்ற கரையோரப் பட்டறைகளில் தேய்மானத்துக்கு முன்பே உப்புக்காற்று அச்சைத் துருப்பிடிக்க வைத்துவிடுகிறது. துருவை மெல்லிய எமரித் தாளால் எடுத்துவிட்டு ஒரு துளி எண்ணெய் போதும். அதிகமானால் பெல்ட்டின் முதுகில் ஏறி வழுக்கும்.

நான்காவது, ஸ்பிரிங். முன் ரோலரைக் கட்டைவிரலால் பின்னோக்கி அழுத்திவிட்டு விடுங்கள். சட்டென்று முன்னே வர வேண்டும். தயங்கித் தயங்கி வந்தால் ரோலரைத் தாங்கும் கவைக்குள் தூள் அடைத்திருக்கிறது. வராமலே இருந்தால் ஸ்பிரிங் போய்விட்டது.

கடைசியாகப் பின் ரோலர். ஸ்கேலை அதன் நீளவாக்கில் வைத்துப் பாருங்கள். நடு ரப்பர் தேய்ந்து பள்ளமாகியிருந்தால் ரோலரை மாற்றுவது ஒன்றே வழி. மெஷின் கீழே விழுந்திருந்தால், முன் ரோலரின் கவை வளைந்திருக்கிறதா என்பதையும் சேர்த்துப் பார்த்துவிடுங்கள்.

எல்லாம் சரியான பிறகுதான் திருகின் வேலை. பெல்ட்டின் வெளி ஓரத்தை அடித்தகட்டின் வெளி ஓரத்தோடு சமமாக வைத்து லீவரைப் பூட்டுங்கள். சுவிட்சின் லாக் பொத்தான் விழுந்திருக்கவில்லை என்று உறுதிசெய்த பிறகே பிளக்கைச் சொருகுங்கள். தோளில் கிடக்கும் துவர்த்தை எடுத்து வையுங்கள், கைலியை மடித்துக் கட்டுங்கள். மெஷினை மல்லாத்தி, ஒரு கையால் இறுகப் பிடித்து, சுவிட்சை ஒரு தட்டுத் தட்டி விடுங்கள். எந்தப் பக்கம் ஒதுங்குகிறது என்று அதிலேயே தெரியும். பிறகு ஓட விட்டு, திருகைக் கால் சுற்றுத் திருப்பி ஐந்து விநாடி காத்திருங்கள். காத்திருப்பது முக்கியம், பெல்ட் புது இடத்துக்கு வந்து நிலைக்க அந்த நேரம் வேண்டும். பலரும் காத்திருக்காமல் திருகி, எதிர்ப்பக்கம் தாண்டவிட்டு, திரும்பவும் திருகுகிறார்கள். திருகை எந்தப் பக்கம் திருப்பினால் பெல்ட் எந்தப் பக்கம் போகும் என்பது மாடலுக்கு மாடல் மாறும். ஒரு முறை பார்த்து மெஷின் மேலேயே பெயிண்டில் அம்பு போட்டுவிடுங்கள்.

கேள்வி: சும்மா ஓட்டும்போது பெல்ட் அழகாக நடுவில் நிற்கிறது. ரப்பர் மரத் தடிப் பலகையில் வைத்து அழுத்தியதும் உள்பக்கமாகப் போய் அலுமினியச் சுவரை அறுக்கிறது. இப்போது அங்கே ஒரு காடியே விழுந்துவிட்டது. 4 இஞ்ச் மெஷின்.
— கட்டில், மேசை செய்யும் வாசகர், குலசேகரம்

பதில்: சும்மா ஓடும்போது நன்றாகவும், பாரம் ஏறும்போது மோசமாகவும் ஓடினால் ஸ்பிரிங், கவை, உங்கள் கை மூன்றையும் சந்தேகப்படுங்கள்.

பின் ரோலர்தான் பெல்ட்டை இழுக்கிறது. மெஷினின் அடியில் பெல்ட் முன்னிருந்து பின்னுக்கு ஓடுகிறது. மரத்தில் வைத்தவுடன் அடிப்பக்கம் இறுகி, மேல்பக்கம் தளரும். அந்த இறுக்கம் முன் ரோலரைப் பின்னோக்கி இழுக்கும். ஸ்பிரிங் நல்லபடியாக இருந்தால் எதிர்த்து நிற்கும். தளர்ந்திருந்தால் ரோலர் பின்னே போகும். கவை தேய்ந்து ஆட்டம் கண்டிருந்தால் பின்னே போவதோடு ஒரு பக்கமாகச் சாயவும் செய்யும். நீங்கள் சும்மா ஓட்டும்போது வைத்த டிராக்கிங் அந்த நொடியில் மாறிவிடுகிறது. எனவே முதல் பதிலில் சொன்ன கட்டைவிரல் சோதனையும் ஆட்டிப் பார்க்கும் சோதனையும் உங்களுக்குத்தான் முதலில் தேவை.

அடுத்தது கை. 4 இஞ்ச் மெஷின் 5 கிலோவுக்கு மேலும் எடை வரும். அந்த எடையே போதும். கை அதை வழிநடத்தினால் மட்டும் போதும். பின் கைப்பிடியை அழுத்தும்போது மணிக்கட்டு உள்பக்கம் சாய்வது பலருக்குத் தெரியாமலே நடக்கும். தெரிந்துகொள்ள, தேய்ந்த பெல்ட்டைக் கழற்றிப் பாருங்கள். ஒரு ஓரம் மட்டும் தூள் அடைத்து மினுமினுத்தால் அந்தப் பக்கம்தான் சாய்கிறீர்கள்.

நிலைக்கால் போன்ற ஒடுங்கிய சட்டங்களில் இது இன்னும் மோசம். இரண்டரை இஞ்ச் சட்டத்தின் மேல் நாலு இஞ்ச் பெல்ட்டை ஒரு ஓரமாக ஓட்டினால் அந்த ஓரம் மட்டும் இழுபடும். பெல்ட் இருபுறமும் சமமாக வெளியே நிற்கும்படி பிடியுங்கள். அல்லது இரண்டு மூன்று சட்டங்களைச் சேர்த்து வைத்துக் கிளாம்ப் போட்டு ஒரே பரப்பாகத் தேயுங்கள். மெஷின் சாயாது, முனையும் மழுங்காது. மெஷினை ஓடவிட்ட பிறகே மரத்தில் இறக்குங்கள். தூக்கிய பிறகே நிறுத்துங்கள்.

சரியாக உலராத ரப்பர் தடியில் தூள் ஈரமாகி அப்பிக்கொள்ளும். அப்பிய பெல்ட் வெட்டாது. வெட்டாததால் நீங்கள் இன்னும் அழுத்துவீர்கள். அழுத்தினால் பெல்ட் ஒதுங்கும். சொரசொரப்பான 60 நம்பர் பெல்ட்டில் தொடங்கி, 80, 120 என்று போங்கள். அடைத்த பெல்ட்டைச் சுத்தம் செய்ய க்ரேப் ரப்பர் கட்டி என்று கடையில் தனியாகவே விற்கிறார்கள். கந்தகம் சேர்க்காத பச்சை ரப்பர்தான் அது. ரப்பர் வெட்டும் ஊரில் இருந்துகொண்டு அதைக் காசு கொடுத்து வாங்குவது கொஞ்சம் வேடிக்கைதான். பழைய செருப்பின் க்ரேப் அடியும் அதே வேலையைச் செய்யும். மெஷினை மல்லாத்திப் பெஞ்சில் கிளாம்ப் போட்டு, ஓடும் பெல்ட்டில் கட்டியை லேசாக வைத்து இழுங்கள். தூள் ரப்பரில் ஒட்டிக்கொண்டு வரும். ரப்பர் தடியைப் போரிக் அமிலம், போராக்ஸ் கலவையில் பதப்படுத்துவது வழக்கம் என்பதால் மாஸ்க் இல்லாமல் தேய்க்க வேண்டாம்.

இனி அந்தக் காடி. பிசிறை அரத்தால் மழுக்கிவிட்டு, டிராக்கிங் சரியானதும் வேலையைத் தொடரலாம். ஆனால் காடி சுவரைத் துளைத்து உள்ளே உள்ள கியரோ பல் பெல்ட்டோ தெரிந்தால் மெஷினை ஓட்டாதீர்கள். தூள் உள்ளே போய் எல்லாவற்றையும் தின்றுவிடும். சில மாடல்களில் அந்த இடத்தில் மாற்றக்கூடிய சிறு தேய்மானத் தகடு உண்டு. உங்கள் மெஷினில் இருக்கிறதா என்று சர்வீஸ் சென்டரில் கேளுங்கள். திருகைக் கடைசியாக ஒரு முறை மரத்தில் வைத்தே சரிபாருங்கள்: வீணான பலகையில் அரை நிமிடம் தேய்த்துவிட்டு, தூக்கி, பெல்ட் ஓரம் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். இதைத் தவிர்த்தால் சும்மா ஓட்டி வைத்த டிராக்கிங்குக்கு மதிப்பில்லை.

கேள்வி: போன வருடம் மலிவாகக் கிடைத்தது என்று 50 பெல்ட் வாங்கிப் போட்டேன். இப்போது மாட்டினால் சில ஓரம் போகிறது, சில ஒட்டில் விட்டுப்போகிறது. கம்பெனிக் குற்றமா?
— வாசகர், இரணியல்

பதில்: வைத்திருந்த விதத்தைத்தான் முதலில் கேட்க வேண்டும். நம் மாவட்டத்துக்குத் தென்மேற்கு மழையும் உண்டு, வடகிழக்கு மழையும் உண்டு. வருடத்தில் பாதிக்குமேல் காற்றில் ஈரம். பெல்ட்டின் முதுகு துணி. அது ஈரத்தை இழுக்கும். மேலே உள்ள பசையும் மணலும் அந்த அளவுக்கு இழுக்காது. இரண்டும் வேறுவேறாக நீள்வதால் பெல்ட் கிண்ணம்போல் வளையும். சுவரோரம் கிடந்த பெல்ட் கட்டுக்குள் ஒரு ஓரம் மட்டும் ஈரம் ஏறினால் அந்த ஓரம் மட்டும் நீளும். அப்புறம் டிராக்கிங்கைக் குறை சொல்லிப் பயனில்லை. ஒட்டிலுள்ள பசைக்கும் ஆயுள் உண்டு. சூட்டிலும் ஈரத்திலும் அது சீக்கிரம் முடிந்துவிடும்.

மீதமுள்ளதைக் காப்பாற்றப் பாருங்கள். கட்டைப் பிரித்து, 4 இஞ்ச் பிவிசி குழாயைச் சுவரில் நீட்டிவைத்து அதில் தளர்வாகத் தொங்க விடுங்கள். ஆணியில் மாட்டினால் அந்த இடத்தில் மடிப்பு விழும். மடிப்பு விழுந்த பெல்ட் ஓடும்போது தட்தட்டென்று தட்டும். மூடிய மர அலமாரிக்குள் ஒரு 40 வாட் குண்டு பல்பை எரியவிட்டு, பெல்ட்டுகளை அதன் மேலே சற்றுத் தள்ளித் தொங்கவிட்டால் மழைக்காலம் முழுவதும் உலர்வாக இருக்கும். வெயிலில் காயப்போடாதீர்கள், ஒரு பக்கம் மட்டும் வேகமாகக் காய்ந்து இன்னும் வளையும். ஒவ்வொரு பெல்ட்டையும் மாட்டும் முன் ஒட்டை இரு கையாலும் மடக்கி விரித்துப் பாருங்கள். டேப் தூக்கினால் அதை மாட்ட வேண்டாம். ஓடும்போது அறுந்தால் கை, முகம் என்று பார்க்காது.

இனி வாங்கும்போது ஒரு மழைக்காலத்துக்கு வேண்டியதற்கு மேல் வாங்காதீர்கள். 50 பெல்ட்டில் மிச்சம் பிடித்த காசு 15 பெல்ட் வீணானால் போய்விடும். வேலை முடிந்ததும் மெஷினிலுள்ள பெல்ட்டின் லீவரைத் தளர்த்தி வையுங்கள். இறுக்கமாக விட்டால் ராத்திரி முழுக்க ஈரப் பெல்ட் இழுபட்டுக் கிடக்கும். பின் ரோலரின் ரப்பரும் ஒரே இடத்தில் அமுங்கும்.

கேள்வி: டிராக்கிங் திருகு தானாகவே சுழன்றுவிடுகிறது. பத்து நிமிடத்துக்கு ஒரு முறை வைக்க வேண்டியிருக்கிறது.
— வாசகர், கருங்கல்

பதில்: திருகின் பின்னால் ஒரு சிறு ஸ்பிரிங்கோ, மரையில் ஒரு நைலான் பிடியோ இருக்கும். மெஷின் அதிர்விலும் திருகு நகராமல் பிடிப்பது அதுதான். கழற்றிப் பாருங்கள். ஸ்பிரிங் அமுங்கியிருந்தால் மாற்றுங்கள்; சில்லறை விலை. நைலான் தேய்ந்திருந்தால் மரையில் இரண்டு சுற்று டெப்லான் டேப் சுற்றித் தற்காலிகமாக ஓட்டலாம். சூப்பர் க்ளூ போட்டு ஒட்டியவர்களும் உண்டு. அடுத்த பெல்ட் மாற்றும்போது அவர்களே திருகை உடைக்க வேண்டி வரும்.

கேள்வி: பின் ரோலரின் ரப்பர் தேய்ந்துவிட்டது. சைக்கிள் டியூப்பை வெட்டிச் சுற்றி ஒட்டிக்கொள்ளலாமா?
— வாசகர், மார்த்தாண்டம்

பதில்: வேண்டாம். டியூப்பின் ஒட்டு வரும் இடத்தில் ஒரு திட்டு இருக்கும்; ஒவ்வொரு சுற்றிலும் பெல்ட் அங்கே குதிக்கும். இருக்கிற பள்ளம் டியூப்புக்கு அடியில் அப்படியே இருக்கும். அதனால் டிராக்கிங் சரியாகாது. ரோலரின் விட்டம் கூடுவதால் பெல்ட் மாட்டுவதே கஷ்டமாகும். சூட்டில் ஒட்டு இளகிப் பெல்ட்டோடு சேர்ந்து வெளியே வந்தால் அது வேறு தலைவலி. ஸ்பேர் ரோலர் கிடைக்கும் மாடலாக இருந்தால் அதை வாங்குங்கள். கிடைக்காத பழைய மாடலுக்கு, ரைஸ் மில், பிரின்டிங் ரோலர்களுக்கு ரப்பர் ஏற்றித் தருபவர்களிடம் கொடுக்கலாம். பழைய விட்டத்துக்கே கடைசல் பிடித்துத் தரவேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். நடு மேடு பின் ரோலரில்தான் இருந்தது என்றால் அதையும் சொல்லுங்கள்.

கேள்வி: மோட்டார் ஓடுகிறது, பெல்ட் நின்றுவிடுகிறது. டிராக்கிங்கைத் திருப்பியும் பலனில்லை.
— வாசகர், பூதப்பாண்டி

பதில்: இது டிராக்கிங் கோளாறு இல்லை. பக்கவாட்டு மூடியைக் கழற்றி, மோட்டாரிலிருந்து பின் ரோலருக்குப் போகும் பல் பெல்ட்டைப் பாருங்கள். பல் உதிர்ந்திருந்தால் அதே எண்ணுள்ள பெல்ட்டை மாற்றுங்கள். பல் பெல்ட் நல்லபடியாக இருந்து, ரோலரும் சுழன்று, உப்புத்தாள் பெல்ட் மட்டும் நின்றால் இறுக்கம் போதவில்லை: ஸ்பிரிங், அல்லது வழவழப்பாகிவிட்ட பின் ரோலர்.

கேள்வி: கடையில் 100×610 (மில்லிமீட்டரில் அகலம், நீளம்) பெல்ட் கேட்டால் 100×620 கொடுக்கிறார்கள். 10 மில்லிமீட்டர்தானே, ஓடாதா?
— வாசகர், திங்கள்நகர்

பதில்: ஓடும், ஆனால் லீவர் பூட்டிய பிறகும் தொளதொளவென்று இருக்கும். ஸ்பிரிங் தன் எல்லை வரை நீண்டுவிட்டதால் இறுக்க வலு இருக்காது. முதல் அழுத்தத்திலேயே ஒதுங்கும். தலைகீழாக 620 மெஷினில் 610 போட்டால் லீவர் பூட்டாது. கட்டாயப்படுத்தினால் கவை வளையும். 3 இஞ்ச்சிலும் 457, 510, 533 என்று பல நீளங்கள் புழக்கத்தில் உள்ளன. அகலத்தில் 75, 76 என்று இருப்பது பெரிதில்லை. நீளத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். பழைய பெல்ட்டை வெட்டிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு கடைக்குப் போவது நல்லது.

கேள்வி: ஃபைபர் படகின் பக்கவாட்டைப் பெல்ட் சாண்டரால் தேய்க்கும்போது பெல்ட் அடிக்கடி கழல்கிறது.
— படகு பழுதுபார்க்கும் வாசகர், முட்டம்

பதில்: படகின் வளைவில் தட்டையான அடித்தகடு முழுதாகப் படியாது. ஒரு கோடாகத்தான் தொடும். அந்தக் கோடு நடுவிலிருந்து விலகிய நொடியில் பெல்ட் தள்ளும். எந்தத் திருகாலும் இதைத் தீர்க்க முடியாது. மெஷின் செய்யக்கூடாத வேலை இது. மேல்தளம், பெஞ்சுப் பலகை போன்ற தட்டைப் பரப்புகளுக்கு மட்டும் பெல்ட் சாண்டரை வைத்துக்கொள்ளுங்கள். வளைவுகளுக்குச் சாஃப்ட் பேட் போட்ட டிஸ்க் சாண்டர் அல்லது ஆர்பிட்டல் சாண்டர் சரியாக வரும்.

தட்டைப் பரப்பிலும் வேகத்தைக் குறைத்து ஓட்டுங்கள். சூடானால் ரெசின் இளகி ரோலரில் கட்டியாகும். கட்டியானால் முதல் பதிலில் சொன்ன அதே கதை. கண்ணாடி இழைத் தூள் பேரிங்கையும் மோட்டாரின் கம்யூட்டேட்டரையும் அரிக்கும். வேலை முடிந்ததும் கம்ப்ரஸர் காற்றால் ஊதுங்கள், ஆனால் பேரிங்குக்கு நேராகப் பிடிக்காதீர்கள். தோலிலும் நுரையீரலிலும் அந்தத் தூள் செய்யும் கேட்டுக்கு வெறும் துணி போதாது. வடிகட்டி உள்ள மாஸ்க்கும், முழுக்கைச் சட்டையும், கண்ணாடியும் வேண்டும்.

கேள்வி: கையில் பிடித்து ஓட்டும் பெல்ட் சாண்டரை முதலில் செய்தது யார்?
— மாணவர், நாகர்கோவில்

பதில்: அமெரிக்காவின் சிராக்யூஸ் நகரில் இருந்த போர்ட்டர்-கேபிள் நிறுவனம், 1926-ல். வடிவமைத்தவர் ஆர்ட் எம்மன்ஸ்.